கத்தரிக்கோலுக்கு முன்னால் கால்க்

கம்ப்யூட்டர் வாங்கியாகி விட்டது. படம் பார்த்தாயிற்று, பாட்டுக் கேட்டாயிற்று, பிள்ளைகள் கேம்ஸ் விளையாடியும் முடித்தாயிற்று. அடுத்து என்ன? வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, இந்தப் பெட்டியால் ஏதாவது பயன் உண்டா? புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலரும் கேட்கும் கேள்வி இது.

உண்டு. வீட்டில் ஒரு தையல் மிஷின் இருந்தால் நிறையவே உண்டு. நாமக்கல் மாவட்டம் எருமப்பட்டியில் என் அத்தையும் அவருடைய தோழிகளும் பழைய சேலைகளை வெட்டி ஒட்டுப் போர்வை தைக்கிறார்கள். அவர்களுடைய வேலையில் கம்ப்யூட்டர் எப்படிப் புகுந்தது, என்ன செய்தது, எதைச் செய்ய முடியவில்லை என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். செலவு எதுவும் இல்லை. லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் உள்ள கால்க் போதும். எக்ஸெல் வைத்திருப்பவர்கள் அதிலேயே செய்து கொள்ளலாம்.

குயில்ட் என்றால் என்ன?

சின்னச் சின்னத் துணித் துண்டுகளை இணைத்து மேல் துணி செய்வார்கள். நடுவில் பஞ்சு ஷீட்டோ பழைய துணியோ வைப்பார்கள். அடியில் ஒரு துணி. இந்த மூன்று அடுக்கும் நகராமல் இருக்க முழுவதும் ஓட்டுத் தையல் போட்டு, ஓரத்தில் பட்டி வைத்து மூடினால் அதுதான் குயில்ட். நாம் ஒட்டுப் போர்வை என்று சொல்லலாம்.

இது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். வங்காளத்துக் காந்தா பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைக்கப்பட்டது. பீகாரின் சுஜனியும் இதே வகைதான். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் கவந்தி என்ற போர்வை தைக்கிறார்கள். ஒரு மூலையில் தொடங்கி, ஓரமாகவே சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிப்பது அவர்கள் முறை. மூலையில் பூப்போல மடித்த துண்டு வைக்காவிட்டால் அது முடிந்த போர்வையாகவே கருதப்படாது. நம் வீடுகளிலும் பழைய சேலையை மடித்துத் தைத்துக் கைக்குழந்தைக்கு விரிக்காத பாட்டி யார்? 2019 ஜனவரியில் சென்னையில் இந்தியா குயில்ட் ஃபெஸ்டிவல் என்ற பெயரில் இதற்கெனக் கண்காட்சியே நடந்தது.

வெளிநாடுகளில் குயில்ட் தைப்பவர்கள் கில்டு என்ற பெயரில் சங்கம் வைத்துக் கொண்டு, மாதம் ஒருநாள் கூடித் தைக்கிறார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1966-ல் கறுப்பினப் பெண்கள் ஃப்ரீடம் குயில்டிங் பீ என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கி, போர்வை தைத்து விற்று வருமானம் பார்த்தார்கள். அதே பகுதியில் உள்ள ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் போர்வைகள் 2002-ல் நியூயார்க்கின் விட்னி மியூசியத்தில் வைக்கப்பட்டன. 2006-ல் அமெரிக்கத் தபால் தலைகளிலும் இடம் பெற்றன. பழைய வேலை உடுப்புகளில் தைத்த போர்வைகளுக்குக் கிடைத்த மரியாதை இது.

எருமப்பட்டியில் அத்தை வீட்டுத் திண்ணையில் கூடுகிறவர்களுக்குச் சங்கமும் இல்லை, பெயரும் இல்லை. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் கூடுவார்கள். கால் மிஷின் இரண்டு, கை மிஷின் ஒன்று. மற்றவர்கள் ஊசி நூலோடு பாயில் உட்கார்ந்து கொள்வார்கள். வடக்கே பார்த்தால் கொல்லிமலை தெரியும் திண்ணை அது.

முதலில் ஒரு பட்டியல்

அங்கே நான் பார்த்த முதல் பிரச்சினை துணி இல்லை, கணக்கு. எட்டுப் பேரிடமும் சேர்த்துப் பத்தொன்பது வேலைகள் பாதியில் நின்றன. திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்ட்டில் ஒரு கால்மிதி. லாரி ஓட்டும் கணவருடைய பழைய காக்கிச் சட்டைகளில் ஒருவர் தைக்கத் தொடங்கிய விரிப்பு. பேரனுக்கென்று ஆரம்பித்த போர்வை. பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். குயில்ட் தைப்பவர்கள் இப்படிப் பாதியில் நிற்பவற்றை யூ.எஃப்.ஓ. என்று கிண்டலாகச் சொல்வார்கள். பறக்கும் தட்டு இல்லை, 'அன்ஃபினிஷ்டு ஆப்ஜெக்ட்', அதாவது முடியாத பொருள்.

சாஃப்ட்வேர் கம்பெனியில் நாங்கள் தினமும் செய்வது இதைத்தான். எந்த வேலை யாரிடம் நிற்கிறது, அடுத்து என்ன ஆக வேண்டும் என்று பட்டியல் போடுவோம். அதையே கால்க்கில் போட்டேன். நீங்களும் செய்து பாருங்கள்.

கால்க்கைத் திறந்து முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை டைப் செய்யுங்கள்: எண், யாருடையது, என்ன பொருள், அளவு, நிலை, அடுத்த வேலை, கடைசியாகத் தொட்ட தேதி. 'நிலை' என்பதில் ஆறே சொற்களை மட்டும் பயன்படுத்துங்கள்: வெட்டு, இணைப்பு, அடுக்கு, ஓட்டு, பட்டி, முடிந்தது. ஆளுக்கொரு சொல்லாக எழுதினால் பிறகு தேட முடியாது.

இனித் தலைப்பு வரிசையைத் தேர்வு செய்து, டேட்டா மெனுவில் ஆட்டோஃபில்டர் என்பதைக் கிளிக் செய்யுங்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் ஒரு சிறு அம்புக்குறி வரும். 'நிலை' அம்பைக் கிளிக் செய்து 'பட்டி' என்பதை மட்டும் தேர்வு செய்தால், பட்டி வைக்க வேண்டிய வேலைகள் மட்டும் திரையில் நிற்கும்.

எங்கள் பட்டியலில் அப்படிப் பார்த்தபோது பத்தொன்பதில் ஏழு வேலைகள் பட்டியில் நின்றன. பட்டியின் மூலையை மடிப்பது அந்தக் குழுவில் இரண்டு பேருக்குத்தான் சரியாக வரும். மற்றவர்கள் அதற்குப் பயந்து அப்படியே மடித்து வைத்து விட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பட்டி மட்டும் என்று அத்தை முடிவு செய்தார். தெரிந்த இரண்டு பேரும் மற்ற ஆறு பேருக்கும் கற்றுக் கொடுத்தார்கள். அன்று மாலைக்குள் ஐந்து போர்வைகள் முடிந்தன.

'அடுத்த வேலை' என்ற கட்டத்தை ஒருபோதும் காலியாக விடாதீர்கள். "தைக்க வேண்டும்" என்று எழுதுவதில் பயனில்லை. "நீல நூல்கண்டு இரண்டு வாங்க வேண்டும்" என்று எழுதினால்தான் வேலை நகரும்.

ஒரு செல், ஒரு சதுரம்

துணிக்கும் கம்ப்யூட்டருக்கும் பழைய உறவு உண்டு. பிரான்ஸ் நாட்டின் ஜக்கார்டு 1804-ல் துளையிட்ட அட்டைகளை வைத்து நெசவில் பூ விழ வைத்தார். அந்த அட்டை முறையைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு எந்திரத் திட்டத்துக்கு எடுத்துக் கொண்டார். கால்க்கின் திரையைப் பாருங்கள். கட்டம் கட்டமாக இருக்கிறது. அதுவே ஒரு குயில்ட் மாதிரிதான்.

செல்களைச் சதுரமாக்க, கன்ட்ரோல் கீயோடு ஏ என்ற எழுத்தை அழுத்தி எல்லாவற்றையும் தேர்வு செய்யுங்கள். ஃபார்மட் மெனுவில் ரோஸ், ஹைட் சென்று 0.6 செ.மீ. கொடுங்கள். மறுபடி ஃபார்மட், காலம்ஸ், விட்த் சென்று அதே 0.6 கொடுங்கள். இனிச் செல்களைத் தேர்வு செய்து பின்னணி நிறம் கொடுத்தால் போர்வையின் டிசைன் கிடைக்கும். பிடிக்கவில்லையா? கன்ட்ரோலோடு இசட் அழுத்தினால் போட்டது போய்விடும். வெட்டிய துணிக்கு அந்த வசதி கிடையாது.

இப்போது துணிக் கணக்கு. தைத்து முடித்த பிறகு 5 அங்குலம் இருக்க வேண்டிய சதுரத்தை 5.5 அங்குலமாக வெட்ட வேண்டும். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும்.

60-க்கு 90 அங்குலத்தில் ஒரு போர்வை வேண்டும். துணியின் அகலம் 44 அங்குலம். சதுரம் முடிந்த அளவில் 6 அங்குலம் என்றால், அகலத்தில் 10, நீளத்தில் 15, மொத்தம் 150 சதுரங்கள். வெட்டும் அளவு 6.5. துணியின் அகலத்தில் ஆறுதான் கிடைக்கும். 5 அங்குலம் வீணாகும். 25 வரிசை வெட்ட 162.5 அங்குலம், அதாவது 4.13 மீட்டர் துணி வேண்டும்.

இதையே 5 அங்குலச் சதுரமாக்கினால் 12-க்கு 18, மொத்தம் 216 சதுரங்கள். வெட்டும் அளவு 5.5. துணியின் அகலத்தில் மிச்சமே இல்லாமல் எட்டுக் கிடைக்கும். 27 வரிசைக்கு 148.5 அங்குலம், 3.77 மீட்டர் போதும். சதுரங்கள் கூடியும் துணி குறைந்து விட்டது! அதற்காக இன்னும் சிறிதாக, 3 அங்குலமாக ஆக்கினால் 600 சதுரங்களும் 4.45 மீட்டரும் ஆகும். தையலுக்குள் போகும் துணி கூடிவிடும்.

இதைக் கால்க்கில் செய்ய பி1 செல்லில் துணி அகலம் 44, பி2-ல் முடிந்த அளவு 5 என்று கொடுங்கள். பி3-ல் சமக்குறி போட்டு பி2+0.5 என்று கொடுத்தால் வெட்டும் அளவு வரும். பி4-ல் சமக்குறி, அடுத்து ஆங்கிலத்தில் ஐ, என், டி என்ற மூன்று எழுத்துகள், பிறகு அடைப்புக்குறிக்குள் பி1/பி3. (செல்லின் பெயர்களையும் ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும்.) இந்த இன்ட் ஃபங்ஷன் பின்னத்தைத் தள்ளிவிட்டு முழு எண்ணை மட்டும் தரும். ஏழரைச் சதுரம் வெட்ட முடியாதல்லவா? இனி பி2-ல் எண்ணை மாற்றினால் போதும், மற்றவை தானே மாறும்.

ஆத்தாவின் ஆறு சேலைகள்

இதெல்லாம் கடையில் துணி வாங்கித் தைப்பவர்களுக்கு. தப்பாக வெட்டினால் இன்னொரு மீட்டர் வாங்கிக் கொள்ளலாம். வாங்கவே முடியாத துணி என்றால்?

என் ஆத்தா, அதாவது அப்பாவின் அம்மா, காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அவர் கட்டிய பருத்திச் சேலைகளில் ஆறு மிஞ்சின. அவருக்கு மூன்று பெண்கள், அதாவது எனக்கு மூன்று அத்தைகள். ஆளுக்கு இரண்டு சேலை என்று பிரித்துக் கொள்ளலாம் என்றார் நடு அத்தை. ஆனால் மாம்பழ மஞ்சளில் ஒரு சுங்குடிச் சேலை இருந்தது. ஆத்தா சந்தைக்கும் கோயிலுக்கும் அதைத்தான் கட்டுவார். அது மூவருக்கும் வேண்டும். இதைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசவில்லை. பேசாததால்தான் ஆறு சேலையும் இரண்டு வருடமாகப் பெட்டியிலேயே இருந்தன.

பெரிய அத்தை சொன்ன வழி, மூன்று ஒட்டுப் போர்வை. ஒவ்வொன்றிலும் ஆறு சேலையும் சமமாக இருக்க வேண்டும். ஆனால் பழைய சேலை நடுவில் நைந்திருக்கும், மடிப்பில் கிழிந்திருக்கும். எவ்வளவு தேறும் என்று தெரியாமல் கத்தரிக்கோலை வைத்து, மூன்றாவது போர்வைக்குப் போதாமல் போனால் என்ன செய்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு சேலைகளையும் ஒவ்வொன்றாகத் திண்ணையில் விரித்தோம். 5.5 மீட்டர் சேலையில் 5.5 அங்குலச் சதுரம் அகலத்தில் 8, நீளத்தில் 39, ஆக 312 விழும். கால்க்கில் ஒவ்வொரு சேலைக்கும் ஒரு ஷீட், 8 காலம், 39 வரிசை. அட்டையில் வெட்டிய சதுரத்தைச் சேலையின் மேல் நகர்த்திக் கொண்டே போனார்கள். நல்ல இடத்துக்கு 1, நைந்த இடத்துக்கு 0 என்று நான் டைப் செய்தேன்.

"நோட்டுல எழுதுனா ஆகாதா கண்ணு?" என்று கேட்டார் பெரிய அத்தை.

"ஆகும் அத்தை. ஆனா அளவை மாத்தணும்னா நோட்டுல திரும்ப முதல்ல இருந்து எண்ணணும்" என்றேன்.

எது நல்ல இடம், எது நைந்த இடம் என்று முடிவு செய்தது கம்ப்யூட்டர் இல்லை. அத்தை இரண்டு கட்டை விரலாலும் துணியை மெல்ல இழுத்துப் பார்ப்பார். பார்வைக்கு நன்றாக இருந்த சில இடங்களை "இது தாங்காது சாமி" என்று தள்ளினார். வெளுத்துப் போன சில இடங்களை "இருக்கட்டும்" என்றார். போட்டோ எடுத்துப் பார்த்திருந்தால் அத்தனையும் தப்பாகியிருக்கும்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு எண்ணி முடித்தோம். சம் ஃபங்ஷன் சேலை சேலையாகக் கூட்டித் தந்தது: 138, 121, 96, 84, 77, 55. மொத்தம் 571. ஒரு போர்வைக்கு 216 வீதம் மூன்றுக்கு 648 வேண்டும். 77 குறைவு.

திண்ணையில் பேச்சு நின்றுவிட்டது. இரண்டு போர்வைதான் தேறும் என்றால் மூன்றாவது அத்தைக்கு எதைக் கொடுப்பது? அதே மாதிரித் துணி வாங்கிச் சேர்க்கலாம் என்றார் ஒருவர். "வாங்குன துணி எங்கம்மா துணி ஆகுமா?" என்றார் சின்ன அத்தை.

கால்க்கில் எண்களை மாற்றிப் பார்த்தோம். 12-க்கு 18 என்பதை 11-க்கு 17 ஆக்கினால் ஒரு போர்வைக்கு 187, மூன்றுக்கு 561. பத்து மிச்சம். சரி, ஒவ்வொரு சேலையும் மூன்றாகப் பிரியுமா? ஒவ்வொரு எண்ணையும் மூன்றால் வகுத்து இன்ட் போட்டால் 46, 40, 32, 28, 25, 18. கூட்டினால் 189. ஒரு போர்வைக்கு வேண்டியது 187. மாம்பழ மஞ்சள் உட்பட ஆறு சேலையும் மூவருக்கும் சமமாகக் கிடைக்கும்.

போர்வை 55-க்கு 85 அங்குலமாகச் சிறுத்துவிடுமே? சுற்றிலும் இரண்டரை அங்குலத்துக்குப் புதுத்துணியில் கரை வைத்தால் மறுபடி 60-க்கு 90 வந்துவிடும். சேலைக்குக் கரை இருப்பது போலத்தான். கரைத் துணியை 3 அங்குலப் பட்டைகளாக வெட்ட வேண்டும். ஒரு போர்வைக்குச் சுற்றளவு 292 அங்குலம், 44 அங்குல அகலத் துணியில் 7 பட்டைகள். மூன்றுக்கும் 21 பட்டைகள், 63 அங்குலம். கொஞ்சம் கூடவே 1.75 மீட்டர் மெரூன் பருத்தித் துணி வாங்கினார்கள். அதன் பிறகுதான் பெரிய அத்தை கத்தரிக்கோலை எடுத்தார்.

இரண்டு போர்வைகள் மேல் துணி முடிந்து, நடுவில் பழைய துணி வைத்து ஓட்டுத் தையலில் இருக்கின்றன. மூன்றாவதுக்குச் சதுரங்கள் வெட்டி எண் ஒட்டி வைத்தாகி விட்டது. எட்டுப் பேரும் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து தைக்கிறார்கள். மிஞ்சிய பத்துச் சதுரங்களையும் தனியாக மடித்து வைத்திருக்கிறார்கள். பின்னாளில் எங்காவது கிழிந்தால் ஒட்டுப்போட அதே சேலை வேண்டுமே!

கவனிக்க வேண்டியவை

1. அச்சு எடுக்கும்போது: அட்டைச் சதுரம் வெட்ட லிப்ரே ஆபீஸ் டிராவில் ஒரு சதுரம் வரைந்து, எஃப்4 கீயை அழுத்தி அகலம், உயரம் இரண்டிலும் 13.97 செ.மீ. கொடுங்கள். அதுதான் 5.5 அங்குலம். பக்கத்தில் 2.54 செ.மீ. அளவில், அதாவது ஓர் அங்குலத்தில், சின்னச் சதுரம் ஒன்றும் வரையுங்கள். பிரிண்ட் செய்யும்போது 'ஃபிட் டு பேஜ்' இருந்தால் எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் எடுங்கள். பேப்பர் வந்ததும் சின்னச் சதுரத்தை அளந்து பாருங்கள். ஓர் அங்குலம் சரியாக இருந்தால்தான் பெரியதை நம்பலாம்.

2. தையல் அகலம்: கால் அங்குலத் தையல் வீசம் அங்குலம், அதாவது பதினாறில் ஒரு பங்கு, கூடினாலும் ஒரு தையலுக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலம் போகும். 12 சதுரம் சேர்க்கும்போது 11 தையல். மொத்தம் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் குறைந்துவிடும். மிஷின் தட்டில் கால் அங்குலத்துக்கு ஒரு டேப் ஒட்டிக் கொள்ளுங்கள்.

3. பனியன் துணி இழுபடும். அதையும் பருத்திச் சேலையையும் ஒரே போர்வையில் கலக்காதீர்கள். கால்க் கணக்கு சரியாக இருந்தாலும் துணி ஒத்துழைக்காது.

4. நிறம்: மானிட்டரில் தெரியும் நிறம் வேறு, கையில் இருக்கும் துணி வேறு. திரையில் இடத்தை மட்டும் முடிவு செய்யுங்கள். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது என்பதைத் துணியை விரித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

5. சேமிப்பு: சேலைக் கணக்கு ஃபைலை ஒரு பென் டிரைவிலும் காப்பி எடுத்து வையுங்கள். வெட்டுவதற்கு முன் சேலையை முழுதாக விரித்து ஒரு போட்டோவும் எடுத்துக் கொள்ளுங்கள். வெட்டிய பிறகு முழுச் சேலை எப்படி இருந்தது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பார்கள். எண்ணி வெட்டு என்பதையும் அதோடு சேர்த்துக் கொள்ளலாம். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் யாரும் கட்டாத, யாருக்கும் கொடுக்க மனம் வராத சேலை ஒன்றாவது இருக்கும். அதை அம்மாவையோ அத்தையையோ பக்கத்தில் வைத்துக் கொண்டு விரியுங்கள். நீங்கள் கால்க்கைத் திறந்து 1, 0 போடத் தொடங்குங்கள். எது நல்ல இடம் என்பதை அவர்கள் சொல்லட்டும்.